வேலியும் விதியும்: அமெரிக்க வீட்டுடைமையாளர் சங்கங்களின் வரலாற்றில் ஒரு நீதிப் பிரச்சினை

அயலவர் இருவருக்கிடையே நிற்கும் வேலி சிறு பொருள். அதனைப் பற்றி எழும் பிணக்கோ சிறிதாக முடிவதில்லை. கதியாலை ஒரு முழம் அரக்கி நட்டான் எனத் தொடங்கிய வழக்குகள் தலைமுறை கடந்தும் நீண்டமையை யாழ்ப்பாணத்தார் அறிவர். அவை எல்லை பற்றிய வழக்குகள். ஐக்கிய அமெரிக்க நாடுகளின் புறநகர்க் குடியிருப்புகளில் எழும் வேலி வழக்கு இவற்றின் வேறானது. ஆங்கு எல்லையில் ஐயமில்லை. காணி இன்னாருடையது என்பதிலும் ஐயமில்லை. தன் காணியில், தன் பணத்தைக் கொண்டு, தான் விரும்பிய வேலியை அடைப்பதற்கு அயலவர் கூடிய சங்கத்தின் அனுமதியை ஒருவன் பெறவேண்டியிருப்பதே ஆங்குள்ள நிலை. அச்சங்கம் சென்ற ஆண்டு ஒருவருக்கு அளித்த அனுமதியை இவ்வாண்டு மற்றொருவருக்கு மறுக்குமாயின், மறுக்கப்பட்டவருக்கு யாது பரிகாரம்? இவ்வினாவுக்கு அந்நாட்டு மன்றுகளும் சட்டசபைகளும் நெடுங்காலமாக விடை தேடி வந்துள்ளன. அவ்விடை ஒரே நாளிற் பிறந்ததன்று. அது வழக்குக்கு வழக்கு வளர்ந்து வந்த வரலாற்றை உடையது.

இரும்புக் கிராதியிற் பிறந்த சட்டம்

இச்சங்கங்களின் அதிகாரத்துக்கு அடிப்படையான சட்டக் கொள்கை இங்கிலாந்திலே தோன்றியது. அது தோன்றிய வழக்கிலும் ஒரு வேலி இடம்பெற்றிருந்தமை வியப்புக்குரியது. இலண்டன் மாநகரிலுள்ள லெஸ்டர் சதுக்கத்தின் நடுவே அமைந்த தோட்டத்தை அதன் உடைமையாளரான தல்க் என்பவர் 1808 ஆம் ஆண்டில் விற்றார். வாங்கியவரும் அவர் வழிவந்தோரும் அந்நிலத்தைக் கட்டடம் எழுப்பாத திறந்த தோட்டமாகவே பேணவேண்டும். அதனைச் சூழ்ந்திருந்த இரும்புக் கிராதியையும் செப்பமாக வைத்திருக்கவேண்டும் என்பன உறுதியில் எழுதப்பட்ட நிபந்தனைகள். காலப்போக்கில் அந்நிலம் கைமாறி மொக்சே என்பவரை அடைந்தது. அவர் பெற்ற உறுதியில் அந்நிபந்தனைகள் காணப்படவில்லை. ஆயினும் அவற்றை அறிந்துகொண்டே அவர் அதனை வாங்கினார்; வாங்கிய பின்னர்த் தாம் விரும்பியவாறு கட்டடம் எழுப்பலாம் எனக் கருதினார்.

1848 ஆம் ஆண்டிலே சான்சலராயிருந்த கொற்றன்ஹாம் பிரபு இவ்வழக்கைத் தீர்த்தார். நிபந்தனை உள்ளதென அறிந்து ஒரு நிலத்தை வாங்கியவர் அந்நிபந்தனையினின்றும் தப்ப முயல்வதை ஒப்புரவு மன்று அனுமதியாது என்பது அவர் கண்ட முடிவு. நிபந்தனையின் பொருட்டுக் குறைந்த விலைக்கு நிலத்தைப் பெற்றவர், மறுநாள் அந்நிபந்தனையற்ற நிலமாக அதனைக் கூடிய விலைக்கு விற்க இடமளிப்பின் அதனினும் பெரிய அநீதி இல்லை என்பது அவர் காட்டிய காரணம். இத்தீர்ப்பினால், இருவருக்கிடையே எழுதப்பட்ட நிபந்தனை பின்வருவோரையும் தொடர வழி பிறந்தது.

அமெரிக்கரோ இத்தீர்ப்புக்கு முன்னரேயே இத்தகைய ஏற்பாடுகளைச் செய்து வந்தனர். நியூயோர்க் நகரிலே 1831 ஆம் ஆண்டில் சாமுவேல் ரகிள்ஸ் என்பவர் கிறமேசி பூங்காவை வகுத்து, அதனைச் சூழ்ந்த மனைகளின் உடைமையாளர்க்கென நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்தார். அப்பூங்கா இரும்பு வேலியாற் சூழப்பட்டுப் பூட்டிய வாயில்களோடு இன்றும் விளங்குகின்றது. பொஸ்டன் நகரின் லூயிஸ்பேர்க் சதுக்கத்தார் 1844 ஆம் ஆண்டிலே தம்முட் கூடி, நடுவணுள்ள பொது நிலத்தைப் பேணும் பொறுப்பை ஏற்றனர். 1891 ஆம் ஆண்டு தொடக்கம் பால்டிமோர் நகரின் புறத்தே எழுந்த ரோலண்ட் பார்க்கும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கான்சஸ் நகரின் புறத்தே ஜே. சி. நிக்கல்ஸ் என்பவர் எழுப்பிய பெருங் குடியிருப்பும் ஒரு படி மேற்சென்றன. ஒவ்வொரு மனையின் உறுதியிலும் வீட்டின் அமைப்பு, வீதியிலிருந்து விடவேண்டிய தூரம், வேலி முதலியன பற்றிய நிபந்தனைகள் எழுதப்பட்டன. அவற்றை நடைமுறைப்படுத்தும் கடமை வீட்டுடைமையாளர் சங்கத்திடம் விடப்பட்டது. பெரும்பான்மையோர் உரிய காலத்தில் மறுத்தாலொழிய நிபந்தனைகள் தாமே புதுப்பிக்கப்படும் ஏற்பாட்டையும் நிக்கல்ஸ் புகுத்தினார்.

நிலமே இல்லாத சங்கமொன்று நிலமுடையோர் மீது வழக்குத் தொடுக்கலாமா என்ற ஐயம் எஞ்சியிருந்தது. அதனை 1938 ஆம் ஆண்டிலே நியூயோர்க் மேன்முறையீட்டு மன்று நெப்போன்சிற் சங்கத்தின் வழக்கிலே தீர்த்தது. ஒரு மனைக்கு ஆண்டொன்றுக்கு நான்கு டொலருக்கு மேற்படாத சிறு கட்டணம் பற்றிய வழக்கு அது. சங்கம் உடைமையாளர்களின் கருவியே எனவும், ஆதலால் அவர்களுக்காக அது வழக்காடலாம் எனவும் மன்று தீர்த்தது. பணம் சிறிதெனினும் பயன் பெரிது. சங்கத்துக்கு மன்றின் வாயில் திறந்தது.

திறந்த புல்வெளியும் வேலியின் மீதான வெறுப்பும்

காணியைச் சுற்றி வேலி அடைப்பதே ஒழுங்கெனக் கொண்ட மக்களுக்கு, வேலி அடைக்கலாகாது என்னும் விதி புதிராகத் தோன்றும். அமெரிக்கப் புறநகரின் அழகுக் கொள்கையை அறிந்தாலன்றி அது விளங்காது. 1869 ஆம் ஆண்டில் இலினோய் மாநிலத்தில் ரிவர்சைட் என்னும் குடியிருப்பை வகுத்த பிரெடெரிக் லோ ஒம்ஸ்டெட், வீடுகள் வீதியினின்றும் விலகி நிற்கவும் அவற்றின் முற்றங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பூங்கா போலத் தோன்றவும் விரும்பினார். மறு ஆண்டிலே பிராங்க் ஜே. ஸ்கொட் என்பவர் புறநகர் வீட்டு நிலங்களை அழகுபடுத்துவது பற்றி எழுதிய நூலில், இயற்கையழகை அயலவர் கண்ணுக்கு மறைக்கும் உயர் வேலி நல்லயலார்க்கு ஏற்றதன்று எனக் கண்டித்தார். இவ்வாறு, ஒருவன் முற்றத்தின் பசுமையிற் சிறு பங்கு வீதியிற் செல்வோனுக்கும் உரியது என்னும் எண்ணம் வேரூன்றியது.

அழகைக் காக்கும் பொறுப்பு 1920களில் அமைப்புருவம் பெற்றது. தந்தையின் பெயரையே தாங்கிய இளைய ஒம்ஸ்டெட் திட்டமிட்ட பாலோஸ் வேர்டெசிலும், தென் கலிபோர்ணியாவின் ராஞ்சோ சான்ரா பே என்னும் குடியிருப்பிலும் கலை நடுவர் குழு எனப் பெயர்பெற்ற குழுக்கள் அமைக்கப்பட்டன. வீடு கட்டுவோரும் மாற்றுவோரும் தம் வரைபடங்களை அக்குழுவின் பார்வைக்கு வைத்தல்வேண்டும். பிற்காலத்திலே நாடெங்கும் பரவிய கட்டடக் குழுக்களுக்கு இவை முன்மாதிரிகள்.

இக்குழுக்கள் கையாண்ட அளவுகோல் யாது? சூழலோடு இயைதல் என்பதே பெரும்பாலான உறுதிகளிற் காணப்படும் சொல். வேலி ஆறடிக்கு மேற்படலாகாது என்பது அளந்து அறியத்தக்க விதி. வேலி சூழலோடு இயைய வேண்டும் என்பதோ காண்பவரின் சுவைக்கு விடப்பட்ட விதி. முன்னதிற் பிழை நேர்ந்தால் அளவுகோல் காட்டிக்கொடுக்கும். பின்னதிற் பிழை நேர்ந்தாற் காட்டிக்கொடுப்பது யாதுமில்லை. பிற்கால வழக்குகளிற் பல இவ்வேற்றுமையினின்றும் முளைத்தவையே.

நிபந்தனையின் இருண்ட பக்கம்

அயலின் தன்மையைக் காத்தல் என்னும் பெயரில் எழுதப்பட்ட நிபந்தனைகள் வேலியோடும் கூரையோடும் நின்றுவிடவில்லை. இன்ன இனத்தார் இங்கு நிலம் வாங்கலாகாது, குடியிருக்கலாகாது என்ற நிபந்தனைகளும் அதே உறுதிகளில் அதே எழுத்தில் இடம்பெற்றன. கறுப்பினத்தாரை விலக்கும் நிபந்தனைகள் நிக்கல்சின் குடியிருப்பிலும் இருந்தன. நகரசபைகள் சட்டத்தினால் இனவாரியாகக் குடியிருப்பைப் பிரிப்பதை அமெரிக்க உயர்நீதிமன்று 1917 ஆம் ஆண்டில் விலக்கிய பின்னர், தனியார் உறுதிகளே அவ்வேலையைச் செய்தன. சென் லூயிஸ் நகரின் வீடொன்றைப் பற்றிய வழக்கில், 1948 ஆம் ஆண்டிலே உயர்நீதிமன்று இதற்கு எல்லை வகுத்தது. தனியார் தம்முள் அவ்வாறு உடன்பட்டிருக்கலாம். ஆயினும் அவ்வுடன்பாட்டை அரசின் மன்று நிறைவேற்றிக் கொடுப்பது, சட்டத்தின் சமமான பாதுகாப்பை எவர்க்கும் உறுதிசெய்யும் பதினான்காம் அரசியல் திருத்தத்துக்கு மாறானது எனத் தீர்க்கப்பட்டது. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனவேற்றுமை காட்டுதலை 1968 ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம் தடைசெய்தது.

வேலி வழக்கை ஆராய்வோர் இவ்வரலாற்றை மறத்தலாகாது. அனுமதி கொடுக்கவும் மறுக்கவும் வல்ல குழு காரணம் கூறாது இயங்குமாயின், அதன் மறுப்பு அழகின்பாற் பிறந்ததா, வெறுப்பின்பாற் பிறந்ததா என்பதைப் பிறர் அறிய வழியில்லை. ஆதலால், ஒருவனுக்கு அளித்ததை மற்றவனுக்கு மறுத்தமைக்குக் காரணம் கேட்பது வீண் பிடிவாதமாகாது.

முரண்பாடு எழும் வகை

1970 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் இத்தகைய சங்கங்கள் ஏறத்தாழப் பத்தாயிரமே இருந்தனவென்பர். 2020 ஆம் ஆண்டளவில் அவை மூன்றரை இலட்சத்தைத் தாண்டின; அவற்றின் ஆட்சிக்குட்பட்டு வாழ்வோர் ஏழு கோடிக்கு மேற்பட்டனர் என்பது சங்கங்களின் தேசிய அமைப்பு வெளியிட்ட மதிப்பீடு. புதிய குடியிருப்பிலே தெருவும் பூங்காவும் பேணும் செலவைச் சங்கம் ஏற்றுக்கொள்வது நகரசபைகளுக்கு உவப்பாயிருந்தமை இவ்வளர்ச்சிக்கு ஒரு காரணம்.

இவ்வளவு பரந்த ஆட்சியை நடத்துவோர் பெரும்பாலும் ஊதியம் பெறாத அயலவர். ஆண்டு தோறும் தெரிவினால் அவர்கள் மாறுகின்றனர். முந்திய குழு எக்காரணத்தால் ஒரு வேலியை அனுமதித்தது என்பது எழுத்தில் இல்லாவிடின், பிந்திய குழு அதனை அறியாது. தொடக்கத்திலே மனைகளை விற்கும் கம்பனியே சங்கத்தைக் கையில் வைத்திருக்கும். விற்பனைக் காலத்தில் அது கேட்டவர்க்கெல்லாம் அனுமதி வழங்குதலும், பின்னர்க் குடியிருப்போர் பொறுப்பேற்றதும் விதியை இறுக்குதலும் நிகழக்கூடியன. குழுவினரின் நட்பும் பகையும் இவற்றோடு சேர்வதுண்டு. விண்ணப்பமே செய்யாது எழுப்பப்பட்ட வேலியொன்று கண்டும் காணாது விடப்பட்டு, ஈற்றில் அனுமதிபெற்ற வேலிபோலவே தோற்றுதலும் உண்டு. எனவே முரண்பாடு யாவும் தீய எண்ணத்தால் விளைவதன்று. பதிவேடின்மையும் மறதியும் அதன் பெரும் பகுதிக்குக் காரணமாகின்றன.

மறுபுறத்தில், முரண்பாடு போலத் தோன்றுவன யாவும் முரண்பாடும் அல்ல. தெருமுனையிலுள்ள மனையிலே ஆறடி உயரப் பலகை வேலி வாகனமோட்டியின் பார்வையை மறைக்கும், நடுமனையில் அவ்வாறன்று. பொதுப் புல்வெளியை நோக்கிய எல்லையில் உட்காட்சி தெரியும் இரும்புக் கிராதி வேண்டப்படலாம். இரு வீட்டாரின் பின்வளவுகளுக்கிடையே மறைவான மர வேலி பொருந்தலாம். சரிவான நிலத்தில் ஐந்தடி வேலியும் கீழ்வீட்டாருக்கு மதிலாகும். விதி மாறுமுன் எழுப்பப்பட்ட வேலி பழைய விதிக்குரியது. ஒத்தவற்றை ஒப்பவும் வேறுபட்டவற்றை வேறுபடவும் நடத்துவதே நீதியாதலின், ஒப்புமை உண்டா என்பதே முதலில் ஆராயத்தக்கது.

மன்றுகள் கண்ட வழி

சுவையை அளவுகோலாகக் கொண்ட குழுவின் முடிவை மன்று எங்ஙனம் அளப்பது? 1949 ஆம் ஆண்டிலே கலிபோர்ணியா உயர்நீதிமன்று இவ்வினாவுக்கு விடை கூறியது. வரைபடத்தை மறுக்கும் அதிகாரம் உறுதியில் உண்டெனினும், மறுப்பு நியாயமானதாயும் நன்னம்பிக்கையோடு செய்யப்பட்டதாயும் இருத்தல்வேண்டும் என அது தீர்த்தது. 1969 ஆம் ஆண்டில் கொலறாடோ உயர்நீதிமன்று செயன் ஹோம்ஸ் வழக்கில் அதே நெறியைப் பின்பற்றியது. புதிய வீடுகள் நிறைந்த குடியிருப்புக்குள் முப்பது ஆண்டுப் பழைமையான வீடொன்றைப் பெயர்த்துக் கொணர முயன்ற வழக்கு அது. அளவுகோல்கள் உறுதியில் விரித்துக் கூறப்படவில்லையாயினும் குழுவின் அதிகாரம் செல்லும் எனவும், எதேச்சையாக அதனைச் செலுத்துதல் கூடாது எனவும் மன்று கூறியது. வழக்கிலே குழு வென்றது. அதன் அதிகாரத்துக்கு ஒரு வரம்பும் அன்றே அமைந்தது.

விதி ஒன்றாயிருக்க அதனைச் செலுத்தும் கை வேறுபடும் பிரச்சினையை நேராக எதிர்கொண்டது 1979 ஆம் ஆண்டிற் புளோரிடா உயர்நீதிமன்று தீர்த்த வைட் ஈகிரெற் வழக்கு. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுவர் குடியிருக்கலாகாது என்ற விதியை ஒரு குடும்பத்தின் மீது மாடிவீட்டுச் சங்கம் செலுத்த முற்பட்டது. அதே கட்டடத்தொகுதியிலே அவ்வயதுச் சிறுவர் வேறு சிலரும் வாழ்ந்தமை வெளிப்பட்டது. விதி தன்னளவில் நியாயமானதே என மன்று கொண்டது. ஆயினும் சிலருக்கு அதனைத் தளர்த்திச் சிலருக்கு இறுக்கிய சங்கம், அவ்விதியைக் காட்டி வழக்காடும் உரிமையை இழந்தது எனத் தீர்ப்பளித்தது. சிறுவருள்ள குடும்பங்களை விலக்கும் இத்தகைய விதிகளைப் பின்னர் 1988 ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம், முதியோர்க்கென ஒதுக்கிய குடியிருப்புகள் நீங்கலாகத் தடைசெய்தது. சமமாகச் செலுத்தாத விதி வலுவிழக்கும் என்ற கொள்கையோ நிலைபெற்றது.

அனுமதி மறுக்கப்பட்டவரே முரண்பாட்டினாற் பாதிக்கப்படுவர் என்று எண்ணுதல் இயல்பு. தென் கலிபோர்ணியாவின் கைட் ஹில் குடியிருப்பு வழக்கு மறுபக்கத்தைக் காட்டியது. ஆங்குச் சங்கம் ஒரு வீட்டாருக்கு வேலி அடைக்க அனுமதி கொடுத்தது. அவ்வேலி உறுதியிலுள்ள விதிக்கு மாறானது எனவும், தம் வீட்டிலிருந்து தெரியும் காட்சியை அது கெடுத்தது எனவும் அயல்வீட்டார் வழக்காடினர். 1983 ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு மன்று, சங்கத்தின் அதிகாரம் சிறு நகரசபையின் அதிகாரத்தை ஒத்ததெனக் கண்டது. அங்கத்தவர் யாவர்க்கும் நம்பிக்கைப் பொறுப்பு உடைய சங்கம், எதேச்சையாக நடவாதிருக்கும் கடமையுடையது. குழுவின் முடிவுக்குச் சங்கம் பொறுப்பாகாது என உறுதியில் எழுதியிருப்பது அக்கடமையை நீக்காது என அது தீர்த்தது. விதியை நம்பி வீடு வாங்கியவனுக்கு, விதியை மீறிய தாட்சணியமும் அநீதியே. வேலியே பயிரை மேய்ந்த கதைக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது.

அங்ஙனமாயின், ஒருமுறை தளர்ந்த சங்கம் என்றும் தளர்ந்தே இருத்தல்வேண்டுமா? இதற்கு 1985 ஆம் ஆண்டில் புளோரிடா மேன்முறையீட்டு மன்றொன்று விடை கண்டது. பிரிக்கெல் பிளேஸ் என்னும் மாடிவீட்டுத் தொகுதியிற் பலர் தம் மாடிமுகப்புகளை அனுமதியின்றி அடைத்திருந்தனர். சங்கம், ஏற்கெனவே அடைக்கப்பட்டவற்றைத் தொடாது விட்டு, இனிமேல் எவரும் அடைக்கலாகாது என யாவர்க்கும் அறிவித்தது. அறிவித்தலின் பின்னரும் ஒருவர் அடைத்தார். பழையவற்றைக் காட்டித் தம்மை மட்டும் தண்டிப்பது முறையன்று என்றார். முன்னிருந்தோரையும் பின்வந்தோரையும் ஓர் அறிவித்தல் பிரித்தமையால் இது பாரபட்சமாகாது என மன்று கூறியது. பழைய பிழையைத் திருத்த விழையும் சங்கத்துக்கு இத்தீர்ப்பு நேரிய வழியைக் காட்டுகின்றது: முதலில் யாவர்க்கும் அறிவித்தல், பின்னர் யாவர் மீதும் ஒப்பச் செலுத்துதல்.

1986 ஆம் ஆண்டின் அயன்வுட் வழக்கு எட்டுப் பேரீச்ச மரங்களைப் பற்றியது. அனுமதியின்றி அவை நடப்பட்டன என்பது உண்மை. ஆயினும் அவற்றை அகற்றுமாறு கேட்கும் சங்கம், தான் தன் விதிமுறைகளின்படி ஒழுகியதையும், அம்முறைகள் நியாயமானவை என்பதையும், முடிவு நன்னம்பிக்கையோடு செய்யப்பட்டது என்பதையும் காட்டவேண்டும் எனக் கலிபோர்ணியா மேன்முறையீட்டு மன்று வற்புறுத்தியது. குழு எவ்வாறு முடிவுசெய்தது என்பதைச் சங்கத்தாற் காட்ட இயலவில்லை. அதற்குச் சார்பான தீர்ப்பு நீக்கப்பட்டது. பதிவேடின்மையே இங்கே தோல்விக்குக் காரணமாயிற்று.

மன்றுகள் எப்பொழுதும் உடைமையாளர் பக்கமே நின்றன எனக் கருதுதல் பிழை. உறுதியிற் பதியப்பட்ட நிபந்தனை நியாயமானது எனவே முதலிற் கொள்ளப்படும் என 1994 ஆம் ஆண்டிலே கலிபோர்ணியா உயர்நீதிமன்று தீர்த்தது. முன்னர்க் கூறிய ராஞ்சோ சான்ரா பே குடியிருப்பில், அறையொன்றைக் கூட்டிக் கட்டவும் காணியைச் சுற்றி வேலி அடைக்கவும் ஒருவர் கேட்ட அனுமதியைச் சங்கம் மறுத்தது. 2000 ஆம் ஆண்டிலே மேன்முறையீட்டு மன்று சங்கத்தின் பக்கமே தீர்த்தது. அழகு பற்றிய விரிந்த அளவுகோல் என்பதனால் மட்டும் ஒரு விதி செல்லாததாகிவிடாது என்பது அதன் கருத்து. அளவுகோலை வகுத்து, முறைப்படி கேட்டு, ஆராய்ந்து முடிவுசெய்த குழுவின் இடத்திலே தம்மை வைத்து வேலியின் அழகைத் தாமே தீர்மானிக்க நீதிபதிகள் விரும்பவில்லை.

பசிபிக் ஹில்ஸ் சங்கத்தின் 2008 ஆம் ஆண்டு வழக்கு இரு பக்கத்தார்க்கும் பாடமாயிற்று. வீட்டார் அனுமதி பெறாது, வீதியினின்றும் விடவேண்டிய தூரத்துள் வாயிற்கதவொன்றை அமைத்தனர். சங்கமோ சில ஆண்டுகள் தாழ்த்தே வழக்குத் தொடுத்தது. வழக்குக் காலங்கடந்ததன்று எனக் கொண்டு, வாயிலைத் தாழ்த்துதல் அல்லது பின்னே நகர்த்துதல் வேண்டும் என்ற கட்டளையை மேன்முறையீட்டு மன்று நிலைநிறுத்தியது. நகர்த்துவதாயின் செலவின் மூன்றில் இரு பங்கைச் சங்கமே ஏற்கவேண்டும் என்பதும் அக்கட்டளையிற் சேர்ந்திருந்தது. கேளாது கட்டியவருக்கும் கண்டும் தாமதித்தவருக்கும் அவரவர்க்குரிய சுமை பகிரப்பட்டது.

சட்டசபைகளின் தலையீடு

வழக்காடுதல் செலவு மிக்கது. வேலியின் விலையினும் வழக்கறிஞரின் ஊதியம் பன்மடங்காதல் எளிது. ஆதலால் வழக்கு எழுமுன்னரே முறையை வகுக்கச் சட்டசபைகள் முற்பட்டன. 2004 ஆம் ஆண்டில் கலிபோர்ணியா இயற்றிய சட்டத்தின்படி, வீட்டு மாற்ற விண்ணப்பங்களை ஆராய்வதற்குச் சங்கம் நியாயமான, விரைந்த நடைமுறையொன்றை வகுத்து, எத்துணை நாளில் விடையளிக்கப்படும் என்பதையும் அதிற் குறித்தல்வேண்டும். முடிவு எழுத்தில் இருத்தல்வேண்டும். மறுப்பாயின் அதன் காரணமும், சங்கத்தின் ஆட்சிக்குழுவிடம் மீளாய்வு வேண்டுவதற்கான வழியும் கூறப்படல்வேண்டும்.

டெக்சாஸ் மாநிலத்திலே சங்கத்தின் முடிவு நியாயமானது என்ற அனுமானம் 1987 ஆம் ஆண்டு தொடக்கம் சட்டத்தில் உண்டு. அது எதேச்சையானது அல்லது பாரபட்சமானது எனக் காட்டினால் அவ்வனுமானம் நீங்கும். 2021 ஆம் ஆண்டில் அங்கு மேலும் சில விதிகள் வந்தன. நாற்பது மனைகளுக்கு மேற்பட்ட சங்கங்களிலே ஆட்சிக்குழுவினரோ அவர்தம் வாழ்க்கைத்துணைவரோ கட்டடக் குழுவில் அமர்தல் விலக்கப்பட்டது. ஒருவர் கொடுத்த முடிவை அவரே மேன்முறையீட்டில் ஆராய்வது எவ்வாறு நீதியாகும் என்னும் வினா இதனால் நீங்கியது. அதே ஆண்டில், பாதுகாப்புக்காகக் காணியைச் சுற்றி வேலி அடைப்பதைச் சங்கம் முற்றாகத் தடுத்தலாகாது எனவும், வேலியின் வகையை ஒழுங்குபடுத்தலாம் எனவும் மற்றொரு சட்டம் கூறிற்று.

புளோரிடாவிலே 2007 ஆம் ஆண்டின் சட்டம் கட்டடக் குழுவின் அதிகாரத்தை, உறுதியிலோ வெளியிடப்பட்ட விதிகளிலோ கூறப்பட்ட அளவுக்குள் அடக்கியது. 2024 ஆம் ஆண்டின் திருத்தம், விண்ணப்பத்தை மறுக்கும் சங்கம் எவ்விதியைக் கொண்டு மறுக்கின்றது, விண்ணப்பத்தின் எப்பகுதி அவ்விதிக்கு ஒவ்வாதது என்பவற்றை எழுத்திற் காட்டவேண்டும் எனப் பணித்தது. மூன்று மாநிலங்களும் வெவ்வேறு சொற்களில் ஒன்றையே வேண்டின: முடிவுக்குக் காரணம் எழுத்தில் இருத்தல்.

வரலாறு தரும் நெறி

இவ்வரலாற்றினின்றும், மறுக்கப்பட்ட உடைமையாளன் செய்யத்தக்கன சில பெறப்படுகின்றன. அவன் முதலிற் படிக்கவேண்டியது அயலவன் வேலியையன்று. தன் உறுதியையும் சங்கத்தின் விதிகளையுமே. அயலவன் பெற்ற சலுகையைக் காட்டுதல் இரண்டாவது படி. அவ்வாறு காட்டும்போது மனையின் இடம், வேலியின் உயரம், பொருள், வீதியிலிருந்துள்ள தூரம், அனுமதித்த ஆண்டு என்பன ஒத்திருப்பதைக் காட்டுதல்வேண்டும். அவ்வேலி அனுமதி பெற்றதா, கண்டும் காணாது விடப்பட்டதா என்பதையும் அறிதல்வேண்டும். மறுப்பின் காரணத்தை எழுத்திற் கேட்டலும், விதியிற் கூறிய மீளாய்வை உரிய காலத்துள் வேண்டுதலும் அடுத்தன. நகரசபையின் அனுமதி வேறு, சங்கத்தின் அனுமதி வேறு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. கோபத்தினால் வேலியை முதலில் அடைத்துவிட்டுப் பின்னர் நியாயம் பேசுவோர், தம் பக்கத்து நியாயத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றனர்.

சங்கத்துக்குரிய கடமை இதனினும் பெரிது. அளக்கத்தக்கவற்றை அளவாக எழுதுதல், ஒவ்வொரு முடிவையும் காரணத்தோடு பதிதல், புதிய குழு பழைய பதிவேட்டைப் படித்தல், விலக்களிப்பின் அது எதற்காக என விளக்குதல், பழைய தளர்வை நீக்க விரும்பின் முன்னறிவித்தல் என்பன அக்கடமையின் கூறுகள். இவற்றுக்குப் பணம் அதிகம் வேண்டா. பொறுமையும் ஒரு நல்ல பதிவேடும் போதும்.

அரசின் எதேச்சையான ஆட்சியைத் தடுப்பதற்கு மக்கள் அரசியலமைப்புகளை வகுத்தனர். அயலவர் கூடிய சங்கத்தின் ஆட்சி அவ்வளவு பெரிதன்று. ஆயினும் அது வீட்டின் வாயில்வரை வருவது. லெஸ்டர் சதுக்கத்து இரும்புக் கிராதியைக் காத்த தீர்ப்பின் உட்பொருள், ஒருவன் அறிந்து ஏற்ற நிபந்தனைக்கு அவன் கட்டுப்படல் வேண்டும் என்பது. பின்வந்த ஒன்றரை நூற்றாண்டு அதனோடு மற்றொன்றைச் சேர்த்தது: அந்நிபந்தனையைச் செலுத்துவோரும் அதற்குக் கட்டுப்படல் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே நிற்குமிடத்து, அனுமதி மறுக்கப்பட்டவனும் தன் அயலவரை ஐயுறாது வாழலாம். ஒன்று தவறுமிடத்து, நல்ல காரணத்தோடு மறுக்கப்பட்ட வேலியும் பகையையே வளர்க்கும்.